ஆளே இல்லாத செய்தித்தளம் எப்படி ஓடுது? ரெண்டு வருசத்துப் பழைய மஞ்சள் விலை போன வாரம் வந்த கதை

கோபி மஞ்சக்காடு | திங்கள், இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கமுங்க. நெஞ்சு ஆறாமத்தான் எழுதறேன்.

போன வியாழக்கெழம எம்மச்சான் போன்ல டொய்ங்னு ஒரு செய்தி வந்துச்சு. "ஈரோட்டில் மஞ்சள் விலை கிடுகிடு உயர்வு, விவசாயிகள் மகிழ்ச்சி"ன்னு தலைப்பு. உள்ள விரலி மஞ்சளுக்கு ஒரு விலை, கெழங்கு மஞ்சளுக்கு ஒரு விலை, எல்லாம் சுத்தமா போட்டிருந்துச்சு. நான் மாசிமாசத்துல வேகவெச்சு, காயவெச்சு, பாலீஷ் போட்ட மஞ்சள இன்னும் சாளையிலயே அடுக்கி வெச்சுட்டு வெலைக்குக் காத்துட்டிருக்கற ஆளுங்க. வட்டி ஒருபக்கம் ஏறிட்டே இருக்குது. மறுநா வெள்ளென வண்டி பேசி 30 மூட்டைய ஏத்திட்டு பெருந்துறை மஞ்சள் மார்க்கெட்டுக்குப் போயிட்டேன். மாதிரி வெச்சு, வியாபாரிக எழுதிப் போட்ட சீட்டப் பாத்தா, செய்தியில இருந்த வெலைக்கும் அதுக்கும் பக்கத்துலயே வரல. வேண்டாமுன்னு சொல்லிட்டுத் திருப்பி ஏத்திட்டு வந்துட்டேன். வண்டி வாடகை, ஏத்துகூலி, எறக்குகூலி எல்லாம் தண்டம்.

ஊட்டுக்கு வந்து அந்தச் செய்திய மறுக்கா ஒருதரம் படிச்சேனுங்க. நாலாவது பத்தியில "தைப்பூசத்தை முன்னிட்டு நாளை ஏலம் இல்லை"ன்னு இருக்குது. இது ஆவணிமாசம்! எம்புள்ளை தேடிப் பாத்துச் சொன்னா, அது ரெண்டு வருசத்துக்கு முந்துன தைமாசத்துச் செய்தியாம்.

கூப்பிட்டுக் கேக்கலாமுன்னா போன் நம்பர் இல்ல, ஊரு இல்ல, ஆசிரியர் பேரு இல்ல. அடியில சின்ன எழுத்துல "இச்செய்தி தானியங்கி முறையில் தொகுக்கப்பட்டது"ன்னு மட்டும் இருக்குது. ஏனுங்க, ஆளே இல்லாம ஒரு செய்திப்பத்திரிகை எப்படி ஓடும்? யாராச்சும் விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சரவணம்பட்டி நிரலாளன் | திங்கள், இரவு 10.45

அண்ணா, படிச்சதும் கஷ்டமா போச்சு. இந்த மாதிரி ஒரு தளத்துல நான் மூணு வருஷம் வேலை பாத்தவன். கம்பெனி பேர் வேண்டாம். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் முழுசா எழுதறேன், நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

முதல்ல, செய்தியை அந்தத் தளம் எழுதறதே இல்லை. பத்திரிகைத் தளங்கள் தங்களோட புதுச் செய்திகளை ஒரு பட்டியலா வெளியில வெச்சிருப்பாங்க. ஆர்எஸ்எஸ் ஓடைன்னு பேரு, 1999ல நெட்ஸ்கேப்ங்கற உலாவிக் கம்பெனி கொண்டுவந்தது. இது போக, தேடுபொறிகளுக்குன்னே செய்தி சைட்மேப்னு ஒரு பட்டியல் வெப்பாங்க. கூகுள் கேக்கற விதிப்படி அதுல கடைசி 2 நாள் செய்தி மட்டும்தான் இருக்கணும். கிராலர்ங்கற நிரல் சில நிமிஷத்துக்கு ஒருதரம் இந்தப் பட்டியலையெல்லாம் சுத்தி வந்து, போன தடவை பாக்காத முகவரி ஏதாச்சும் இருக்கான்னு தேடும். இருந்தா தூக்கிட்டு வந்துரும்.

அடுத்தது ஒரே செய்தியைக் கண்டுபிடிக்கறது. ஏஜென்சி செய்தியை நாப்பது தளம் அப்படியே போட்டிருக்கும், நாப்பதையும் காட்ட முடியாது. ஒவ்வொரு கட்டுரையையும் நாலஞ்சு வார்த்தைத் துண்டு துண்டா வெட்டி, ரெண்டு கட்டுரையில எத்தனை துண்டு பொதுவா இருக்குன்னு பாக்கற முறையை ஆண்ட்ரே பிரோடர்ங்கற கணினி ஆராய்ச்சியாளர் 1997ல எழுதினார். இன்னைக்கும் அடிப்படை அதுதான்.

அப்புறம் கொத்து சேக்கறது. வார்த்தை வேறவேறயா இருந்தாலும் விஷயம் ஒண்ணா இருக்கற செய்திகளை ஒரே குவியலாப் போடணும். இதுக்கு மூலமா இருக்கற யோசனை கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ்ங்கற ஆராய்ச்சியாளர் 1972ல சொன்னது: எல்லாக் கட்டுரையிலும் வர்ற வார்த்தைக்கு மதிப்புக் கம்மி, அபூர்வமா வர்ற வார்த்தைக்கு மதிப்பு அதிகம். "கூறினார்", "நேற்று" எல்லாம் எங்கயும் இருக்கும், அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. "விரலி"ன்னு ஒரு சொல் ரெண்டு கட்டுரையில வந்துட்டா ரெண்டும் மஞ்சள் மார்க்கெட்டாத்தான் இருக்கும்னு நெருக்கிப் போட்டுரும்.

கடைசியா வரிசை. இந்தக் கொத்துல எத்தனை தளம் இருக்கு, எவ்வளவு புதுசு, அந்தத் தளத்துக்கு நாம முன்னாடி குடுத்து வெச்ச மதிப்பு என்ன, போன தடவை இப்படிப்பட்ட தலைப்பை எத்தனை பேர் தொட்டாங்க. இதையெல்லாம் கூட்டி ஒரு எண் வரும். பெரிய எண் மேல போகும். உங்க மச்சான் அடிக்கடி மஞ்சள் செய்தி படிக்கறவரா இருந்தா அவருக்குன்னு தனியா இன்னொரு மதிப்பெண்ணும் சேரும். அதனாலதான் அவர் போன்ல டொய்ங்னுச்சு.

இவ்வளவு நடக்கறதுக்குள்ள மனுசன் யாருமே செய்தியைப் படிச்சிருக்க மாட்டாங்க.

நாமக்கல் கோழிப்பண்ணை | திங்கள், இரவு 11.20

தம்பி நல்லா சொன்னீங்க. ஆனா தேதி எப்படித் தப்பாகும்? ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே எழுதுனது எப்படிப் புதுசு?

சரவணம்பட்டி நிரலாளன் | செவ்வாய், காலை 7.30

சிக்கலே அங்கதாங்கண்ணா. கிராலருக்கு "புதுசு"ன்னா இன்னைக்கு நடந்ததுன்னு அர்த்தம் இல்லை, நான் இதுவரைக்கும் பாக்காததுன்னு அர்த்தம். பக்கத்துக்குள்ள தேதி ஒழுங்கா எழுதியிருந்தா எடுத்துக்கும். இல்லைன்னா, கண்டுபிடிச்ச நேரத்தையே செய்தியோட நேரம்னு போட்டுரும். பத்திரிகைக்காரங்க தளத்தோட வடிவமைப்பை மாத்தினா பழைய செய்திக்கெல்லாம் புது முகவரி வந்துரும். பத்து வருஷத்துச் செய்தியும் அன்னைக்குப் பொறந்த மாதிரி ஆயிரும்.

இதுல உலகமே பாத்த ஒரு விபத்து உண்டு. அமெரிக்காவில யுனைடெட் ஏர்லைன்ஸ் 2002ல திவால் பாதுகாப்பு கேட்டுது. அந்தச் செய்தி ஃபுளோரிடா பத்திரிகை ஒண்ணோட தளத்துப் பெட்டகத்துல கெடந்துச்சு. 2008 செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கெழம விடிகாலை, ஆளரவமே இல்லாத நேரத்துல, அதை யாரோ திறந்திருக்காங்க. கூட்டமில்லாத நேரம்கறதனால அந்த ஒத்தைப் பார்வையே போதுமாயிருச்சு, "அதிகம் பாக்கப்பட்டவை" பெட்டியில அது ஏறிருச்சு. கூகுள் நியூஸ் கிராலர் வந்துச்சு, இந்த இணைப்பு புதுசா இருக்கேன்னு எடுத்துட்டுப் போச்சு. கட்டுரையில தேதி இல்லை. புதுச் செய்தின்னு போட்டுருச்சு. திங்கக்கெழம அது, பங்கு வியாபாரிக பாக்கற புளூம்பெர்க் திரைக்கு வந்ததும், 12 டாலருக்கு மேல இருந்த பங்கு சில நிமிஷத்துல 3 டாலர் வரைக்கும் விழுந்து, வர்த்தகத்தையே நிறுத்தி வெச்சாங்க. சாயங்காலம் பெரும்பாலும் மீண்டுச்சு. நடுவுல பயந்து வித்தவங்களுக்குப் போனது போனதுதான்.

எங்களுக்கும் ஒண்ணு நடந்துச்சு. பவானிசாகர் அணை முழு மட்டமான 105 அடியைத் தொடப்போகுது, கரையோர மக்கள் மேட்டுப்பாங்கான இடத்துக்குப் போகணும்னு ஒரு எச்சரிக்கை. அணையில பாதித் தண்ணிகூட இல்லாத மாசத்துல எங்க தளத்துல முதலிடத்துக்கு வந்துருச்சு. சத்தியமங்கலத்துப் பக்கம் ஒரு குடும்பம் ராத்திரியோட ராத்திரியா ஆடு மாடு ஓட்டிட்டு ஒறம்பரை ஊட்டுக்குப் போயிட்டாங்கன்னு எங்களுக்கு வந்த மின்னஞ்சல் சொன்னுச்சு. அதுக்கப்புறம்தான் ஒரு விதி எழுதினோம்: உள்ள தேதி இல்லாத பக்கம் வந்தா மேல ஏத்தக்கூடாது. பத்தே வரி நிரல்தான். அந்த மின்னஞ்சல் வர்ற வரைக்கும் அதை எழுதணும்னு எங்க யாருக்கும் தோணலைங்கறது இன்னைக்கும் மனசை அறுக்குது.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு | செவ்வாய், காலை 9.05

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நான் பெங்களூர்ல வேலை பாக்கறேன். ஆனைமலை, உடுமலைப் பக்கத்துச் செய்தி எனக்கு வந்து சேர்றதே இந்த மாதிரித் தளங்களாலதான். ஆழியாறு அணை திறந்தது, கேரளா வேர்வாடல்ங்கற தென்னை நோய் எந்தத் தோப்புல பரவுதுங்கறது இதெல்லாம் பெரிய தளங்களோட முகப்புல வரவே வராது. அப்பா பேப்பர் பாத்துப் போன்ல சொன்னாத்தான் உண்டு. மனுச ஆசிரியர்கள் இருந்தப்பவும் எங்க ஊரு எட்டாம் பக்கத்துலதானே இருந்துச்சு?

அதுவுமில்லாம, சென்னை ஐஐடியில படிச்ச கிருஷ்ண பரத்தான் கூகுள் நியூஸை உருவாக்கினவர். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நேரத்துல ஒரே சம்பவத்தைப் பல பத்திரிகைகள் எப்படி எழுதுதுன்னு பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் பாக்க வழியில்லையேன்னு தோணித்தான் ஆரம்பிச்சார். 2002ல வெளிவந்தப்போ ஏறக்குறைய 4000 செய்தி மூலங்கள் அதுல இருந்துச்சு. நோக்கம் நல்ல நோக்கம்தாங்க.

நாமக்கல் கோழிப்பண்ணை | செவ்வாய், காலை 10.15

அம்மிணி சொல்றதும் சரிதான். எங்க முட்டை விலையை எடுத்துக்கங்க. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு விலை அறிவிச்சதும் "நாமக்கல்லில் முட்டை விலை 5 காசு உயர்வு"ன்னு அடுத்த நிமிசமே வந்துருது. அதை எழுத ஆள் வேண்டியதில்லை. எண்ணு ஏறுனா உயர்வு, எறங்குனா சரிவு, வாக்கியம் முன்னாடியே எழுதி வெச்சது.

ஆனா இதுலயும் ஒண்ணு சொல்லணும். அறிவிச்ச விலைக்கும் வியாபாரி பண்ணையில வந்து எடுக்கற விலைக்கும் நடுவுல மைனஸ்னு ஒரு கழிவு இருக்கு. சரக்குத் தேங்குச்சுன்னா மைனஸ் கூடும். பண்ணைக்காரனுக்குக் கையில வர்றது மைனஸ் போகத்தான். அறிவிச்ச விலை ஏறி, மைனஸும் கூடிருச்சுன்னா எங்களுக்கு ஒண்ணுமே கூடல. அன்னைக்கும் அந்தத் தளத்துல "பண்ணையாளர்கள் மகிழ்ச்சி"ன்னு வரும். எந்தப் பண்ணையாளரைக் கேட்டாங்க? யாரையும் கேக்கல. விலை ஏறுனா மகிழ்ச்சிங்கறதும் முன்னாடியே எழுதி வெச்ச வாக்கியம்தானே.

ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர், கோவை | செவ்வாய், மதியம் 1.40

நண்பர்களே, ஒரு நாளிதழின் கோவைப் பதிப்பில் 22 ஆண்டுகள் டெஸ்க்கில், அதாவது செய்தி திருத்தும் பிரிவில், இருந்தவன் நான். தேதி தவறுவது திருத்திவிடக் கூடிய பிழை. அதைவிட ஆழமான ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நிரலாளர் தம்பி சொன்ன வரிசை முறையைக் கவனியுங்கள். எத்தனை தளங்கள் ஒன்றைச் சொல்கின்றனவோ அதற்கேற்ப அது பெரிய செய்தியாகிறது. தலைநகரில் ஓர் அமைச்சர் பேசினால் அறுபது பேர் எழுதுவார்கள். சென்னிமலையில் தறிக்கூடங்கள் ஒரு மாதமாக மூடிக் கிடப்பதை எழுத ஒரே ஒரு பகுதிநேர நிருபர் இருப்பார். தன் சொந்த பைக்கில், சொந்தப் பெட்ரோலில் போய், நாலு நெசவாளரிடம் பேசிவிட்டு, பத்து வரி அனுப்புவார். அது இயந்திரத்துக்கு ஒற்றை மூலம். கொத்துச் சேராது. மேலே வராது.

இன்னொன்றும் நடக்கும். அவருடைய பத்து வரியை நாலு தளங்கள் சொல்லை மாற்றிப் போட்டுவிட்டால் அப்போது கொத்துச் சேர்ந்துவிடும். முதலிடத்தில் நிற்பது யார்? வேகமான சர்வரும் பெரிய பெயரும் உள்ள தளம். போய்ப் பார்த்தவர் "மேலும் 4 செய்திகள்" என்பதற்குள் போய்விடுவார். விளம்பரக் காசும் முன்னால் நிற்பவருக்குத்தான். அப்படியே நாலு வருடம் போனால் அந்தப் பத்திரிகை சென்னிமலை நிருபரை நிறுத்திவிடும். பிறகு இயந்திரம் எதைத் தொகுக்கும்?

எங்கள் டெஸ்க்கிலும் பிழைகள் நடந்தன. பவானி ஆற்றையும் பவானி ஊரையும் குழப்பித் தலைப்புப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. ஆனால் மறுநாள் காலை எட்டு மணிக்குத் தொலைபேசி அடிக்கும், எடுத்துப் பேச ஆள் இருந்தார், மறுநாளே திருத்தம் வரும். 1867ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு பிரதியிலும் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர் இருக்க வேண்டும் என்றது. கடைசிப் பக்கத்து அந்தக் குட்டி எழுத்தின் அருமை மஞ்சக்காட்டு ஐயாவின் கதையைப் படித்த பிறகுதான் எனக்கே முழுதாக உறைக்கிறது.

ஐயா, ஒரு விவரம் உங்களுக்குப் பயன்படலாம். 2021இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த இணைய ஊடக விதிகள் பிறர் செய்திகளைத் தொகுத்துக் காட்டும் இத்தகைய செய்தித் திரட்டிகளையும் செய்தி வெளியிடுவோர் கணக்கில் சேர்க்கின்றன. குறைகேட்க ஓர் அலுவலர், 15 நாளில் முடிவு என்று அதில் உண்டு. விதிகளின் சில பகுதிகளுக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த ஆண்டே இடைக்காலத் தடை விதித்தது. இருந்தாலும் ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

காங்கயம் அரிசி ஆலை | செவ்வாய், பிற்பகல் 3.15

ஐயா சொன்ன கடைசிக் கேள்வி எனக்கும் பலநாளா இருந்துச்சு. அப்புறம் எனக்கொரு சந்தேகம். காலையில "ஈரோடு மாவட்டச் செய்திகள்"னு தொட்டா ஈரோட்டுச் செய்தி பாதிகூட வர்றதில்லை. மஞ்சள் செய்தியில மழைச்செய்தி வருது. இது ஏனுங்க?

சரவணம்பட்டி நிரலாளன் | செவ்வாய், இரவு 8.50

ஆலைக்கார அண்ணா, இது தமிழுக்கே உரிய தலைவலி, நான் ரொம்ப நாள் மல்லுக்கட்டுனது.

இங்கிலீஷ்ல ஊர் பேர் வாக்கியத்துல எங்க வந்தாலும் உருவம் மாறாது. தமிழ்ல "ஈரோடு"ன்னு தேடினா "ஈரோட்டில்", "ஈரோட்டுக்கு" எதுவும் சிக்காது, "டு" போய் "ட்டி", "ட்டு"ன்னு வந்துருது. "சேலம்" "சேலத்தில்" ஆயிரும், "பல்லடம்" "பல்லடத்தில்" ஆயிரும். செய்தியில நேர்வடிவத்தைவிட வேற்றுமை ஏறின வடிவம்தான் அதிகமா வரும். இதுக்கு விதி எழுதாத தளம் பாதிச் செய்தியைத் தவறவிடும். ஊருக்கு மூணு பேர் இருக்கறது இன்னொரு பாடு: கோவை, கோயம்புத்தூர், கோயமுத்தூர். கோவைக்காய்க் கூட்டு வைக்கற சமையல் குறிப்பு கோவை மாவட்டச் செய்தியில வந்து உக்காந்ததை நான் கண்ணால பாத்திருக்கேன்.

மஞ்சள் விஷயம் இதுதான்: வானிலைத் துறை "மஞ்சள் எச்சரிக்கை" குடுத்தா, இயந்திரம் "ஈரோடு", "மஞ்சள்" ரெண்டும் இருக்கேன்னு மார்க்கெட் குவியல்ல சேத்துரும். பக்கத்துல "குவிண்டால்" இருக்கா "கனமழை" இருக்கான்னு பாக்கச் சொல்லிக் குடுத்தா சரியாயிரும். ஆனா அதைச் சொல்லிக் குடுக்க மஞ்சளும் மழையும் தெரிஞ்ச ஆள் வேணும்.

எழுத்துக் குறியீட்டுச் சிக்கலும் ரொம்ப நாள் இருந்துச்சு. ஒவ்வொரு பத்திரிகையும் தனக்குன்னு ஒரு எழுத்துரு வெச்சிருந்த காலத்துல கிராலருக்கு அது வெறும் கிறுக்கல். 2010 ஜூன்ல நம்ம கோவை கொடிசியா வளாகத்துல செம்மொழி மாநாடு நடந்தப்போ கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்துச்சு, அந்தச் சமயத்துலதான் தமிழக அரசு யூனிகோடுங்கற பொதுக் குறியீட்டை ஏத்துக்கிட்டு ஆணை போட்டுச்சு. ஒரே குறியீடு பரவலானதுக்கு அப்புறம்தான் தமிழ்ல இந்தத் திரட்டற வேலையே ஒழுங்கா ஓட ஆரம்பிச்சுது.

ஐயாவுக்கும் ஒண்ணு. ஆளே இல்லைன்னு தளத்துக்காரங்க சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். எந்தத் தளத்துக்கு எவ்வளவு மதிப்பு, 2 மணி நேரப் பழைய செய்திக்கு எவ்வளவு கழிக்கணும், ஒத்தை மூலத்தை என்ன பண்ணணும், இதெல்லாம் எங்களை மாதிரி யாரோ ஏசி ரூம்ல உக்காந்து எழுதின எண்ணுதான். அதுதான் ஆசிரியர் வேலை. நாங்க அதைச் செஞ்சோம், ஆனா எங்க பேரை எங்கயும் போடல. டெக்மீம்னு தொழில்நுட்பச் செய்தி தொகுக்கற ஒரு அமெரிக்கத் தளம், தானா ஓடறதுக்குப் பேர் போனது. 2008 டிசம்பர்ல அதை நடத்தற கேப் ரிவேரா, முழுத் தானியக்கம் சரியா வரலைன்னு வெளிப்படையாச் சொல்லி ஆசிரியரை வேலைக்கு வெச்சார். ஃபேஸ்புக் அதுக்கு நேரெதிர். 2016 ஆகஸ்ட்ல, அதிகம் பேசப்படற செய்திகளைக் காட்டற டிரெண்டிங் பகுதியோட ஆசிரியர்களை அனுப்பிட்டு இயந்திரத்துகிட்ட விட்டாங்க. சில நாள்லயே ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளரை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்கங்கற பொய்ச்செய்தி அதுல மேல ஏறுச்சு. 2018ல அந்தப் பகுதியையே மூடிட்டாங்க.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு | செவ்வாய், இரவு 10.20

சென்னிமலை நிருபர் விஷயத்தை நான் யோசிச்சதே இல்லைங்க. எனக்கு ஆழியாறு செய்தி வந்துச்சுன்னா அங்க ஒருத்தர் போய்ப் பாத்திருக்கார். இன்னைக்குப் பூரா நான் வாசிச்ச எந்தச் செய்தியிலயும் எழுதினவர் பேர் கண்ணுல படல. தம்பி, ஒத்தை மூலமா இருந்தாலும் அது அந்த ஊர்லயே இருக்கற நிருபரா இருந்தா மேல ஏத்தற மாதிரி எண்ணை மாத்த முடியாதா?

சரவணம்பட்டி நிரலாளன் | செவ்வாய், இரவு 10.55

முடியும் அக்கா. முதல்ல யார் வெளியிட்டாங்கங்கற நேரமும், கட்டுரையில அந்த ஊர் ஆட்களோட நேரடிப் பேச்சு இருக்காங்கறதும் கணக்குல வரும், கஷ்டமில்லை. நாங்க ஒருதரம் சோதிச்சுப் பாத்தோம். நல்லாத்தான் வேலை செஞ்சுது. ஆனா "கிடுகிடு", "அதிரடி" தலைப்புகள் கீழ போனதால தொடறவங்க எண்ணிக்கை குறைஞ்சு, விளம்பர வருமானமும் இறங்குச்சு. மூணாவது வாரம் பழையபடி மாத்தச் சொல்லிட்டாங்க. நான் வெளிய வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

கோபி மஞ்சக்காடு | புதன், காலை 6.20

எல்லாத்தையும் எம்புள்ளைய உக்காரவெச்சுப் படிக்கச் சொல்லிக் கேட்டேனுங்க. நன்றிங்க. தம்பி, நீங்க அந்த எண்ணை மாத்திப் பாத்தீங்கன்னு கேட்டப்பவே மனசு லேசாயிருச்சு. உதவி ஆசிரியர் ஐயா சொன்னபடி கடுதாசி எழுதிட்டோம், நகல் பெட்டியில இருக்குது.

சம்பந்தமில்லாத ஒண்ணு கேக்கறேன். அந்தத் தைமாசச் செய்திய முதல்ல எழுதுனவரும் நேர்ல பெருந்துறைக்கு வந்து வெலையக் கேட்டு எழுதுன ஆளாத்தானே இருக்கோணும்? அவரு எழுதுனது அன்னைக்குச் சரிதான். அவரு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க.

ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர், கோவை | புதன், காலை 8.00

அவர் சார்பில் நான் உங்களுக்கு நன்றி சொல்கிறேன் ஐயா.

கோபி மஞ்சக்காடு | வெள்ளி, காலை 11.35

பெருந்துறையில இருந்து எழுதறேனுங்க. இந்தத் தடவை மூட்டை ஏத்தல, மாதிரி மட்டும் பையில போட்டு பஸ்ஸுல வந்தேன். வெலைப் பலகைய எம்புள்ளை படம் புடிச்சுப் போட்டிருக்கா பாருங்க. மேல இன்னைக்குத் தேதி தெளிவாத் தெரியுது, தேதி இல்லாத பலகைய எடுக்காதன்னு சொல்லித்தான் எடுக்க வெச்சேன். விரலிக்கு எழுதிட்டாங்க, போன வாரத்தவிடக் கொஞ்சம் தேவல.

நாமக்கல் கோழிப்பண்ணை | வெள்ளி, காலை 11.50

படம் வந்துருச்சுங்க. கிழங்கு என்ன வெலை?

கோபி மஞ்சக்காடு | வெள்ளி, காலை 11.58

இன்னும் சீட்டுப் பிரிக்கலீங்க. பிரிச்சதும் போடறேன்.